உதிரும் பிஞ்சுகளின் வரலாறு

பூ ஒன்று காயாகாமல் உதிர்ந்துவிடுவது இயற்கையின் செயல். அந்த உதிர்வினால் நட்டமடைபவர் யார், அதனைத் தடுக்கும் மருந்து என்று ஒரு போத்தலை விற்று நயமடைபவர் யார் என்பது சமுதாயத்தின் செயல். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் வேளாண்மை விஞ்ஞானத்தின் வரலாறு நமக்கு விளங்கத் தொடங்குகிறது.

கண்டி நகரிலிருந்து குண்டசாலை, மாரஸ்ஸன, ஹங்குரன்கெத்த என மலைச்சரிவுகளின் வழியே செல்வோர் பொலித்தீன் கூரையிட்ட பயிர்க்கூடங்களை இன்று ஆங்காங்கே காணலாம். உள்ளே தக்காளியும் கறிமிளகாயும் குடைமிளகாயும் சலாது வெள்ளரியும் வளர்கின்றன. நாற்றுக்கள் மண்ணில் நடப்படுவதில்லை. தென்னந்தும்புத் தூள் நிரப்பிய பைகளில் நடப்படுகின்றன. மலைநாட்டு மண்ணில் பக்ரீரியா வாடல் நோய் தக்காளிக் குடும்பத்துப் பயிர்களை அழித்துவருவது இதற்கு முக்கிய காரணமாகும். மண்ணை இழந்த பயிருக்கு, ‘அல்பேட் கரைசல்’ என்று இலங்கை விவசாயிகள் அழைக்கும் பசளைநீர் நாள்தோறும் ஊட்டப்படுகின்றது.

இத்தனை செலவும் பாடும் பட்டு வளர்த்த செடி பூத்துக் குலுங்குகிறது. ஒருநாட் காலையிற் கூடத்தினுட் புகும் விவசாயி, நிலமெங்கும் பூக்கள் சிதறிக் கிடப்பதைக் காண்கிறான். கூடத்திற்குப் பட்ட கடன் வங்கியில் நிற்கிறது. காயோ செடியில் நிற்கவில்லை. நகரத்துக் கடைக்குச் செல்கிறான். “பூ உதிருதா? இதை அடியுங்கள்” என்று ஒரு சிறு போத்தல் கைக்கு வருகிறது. அதனுள் இருப்பது வளர்ச்சிப் பதார்த்தம் எனப்படும் இரசாயனம். அது எங்கிருந்து வந்தது? எந்தக் கைகளின் வழியாக வந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், நாம் முதலில் இதே மலைகளின் பழைய உதிர்வு ஒன்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

கோப்பி இலை உதிர்ந்த காலம்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. கண்டி விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த மேட்டுநிலங்கள் இவ்வாறு அரசின் கைக்குச் சென்று, அங்கிருந்து வெள்ளைத் துரைமாரின் கைக்குச் சென்றன. காடுகள் எரிக்கப்பட்டன, மலைகள் கோப்பியால் மூடப்பட்டன. 1870களின் இறுதியில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கரிற் கோப்பி நின்றது. அதனைப் பறித்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த அம்மக்களிற் பலர் வழியிலேயே மடிந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் இன்னும் பலரை அவ்வழியே துரத்திற்று.

இதற்கிடையில், 1869ஆம் ஆண்டு, கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் துகள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற அறிஞர் அது ஒரு புதிய பங்கசு எனக் கண்டு, ‘ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். அழிவைச் செய்வது என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. நோய்கண்ட இலை உதிரும். இலையிழந்த மரத்தின் காய் முற்றாது. தோட்ட வருமானம் சரிந்தது. வீட்டுத்தோட்டத்திற் கோப்பி வளர்த்து ஏற்றுமதிக்குப் பங்களித்த கண்டிக் கிராமத்தவனும் உடன் வீழ்ந்தான்.

துரைமார் வேண்டியது மருந்து. சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தனர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற 26 வயது இளைஞர் இந்நோயை ஆராய்வதற்கென இலங்கைக்கு அனுப்பப்பட்டார். ஈராண்டுகள் பேராதனையைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்து அவர் கண்டறிந்தவை மூன்று: நோய்க்குக் காரணம் பங்கசே, அதன் வித்திகள் காற்றினாற் பரவி, ஈரமான இலையில் முளைக்கின்றன, கண்ணுக்கெட்டிய தூரமெங்கும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டுவைத்ததே அது தடையின்றிப் பரவ வழிசெய்தது. நோயைப் பற்றிய உண்மையை அவர் தந்தார். கேட்ட மருந்தை அவராற் கொடுக்க இயலவில்லை. 1882இல் அவர் திரும்பிச் சென்றார். 1884இல் தோட்டங்களுக்குக் கடன்கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை நிரப்பிற்று.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே பயிர் என்ற முறையே அழிவுக்கு வழிவகுத்தது என்று விஞ்ஞானி கூறினார். மூலதனமோ பயிரை மாற்றிக்கொண்டது, முறையை மாற்றவில்லை. கோப்பிக்குப் பருவகாலத்தில் வந்துசென்ற தொழிலாளி, ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலைக்காக லயத்தில் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டான். அவனுடைய பிள்ளைகளிற் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்தது. ஓர் இலை உதிர்ந்ததன் விளைவு ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வுவரை நீண்டது.

பூவைத் தாங்கும் பொருள்

வார்ட் பேராதனைக்கு வந்த அதே 1880ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் முதுமையடைந்திருந்த சார்ள்ஸ் டார்வின், தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து தாவரங்களின் அசைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புல்லின் இளங்குருத்து ஒளியை நோக்கி வளைவதற்கு அதன் நுனியிலிருந்து கீழே செல்லும் ஏதோவொரு தூண்டலே காரணம் என்பது அவர்கள் கண்டது. அந்த ‘ஏதோவொன்று’ பொருள்தான் என்று நிறுவுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. கோபன்ஹேகனில் பொய்சன் யென்சனும், புடாபெஸ்டில் பாலும், உத்ரெக்டில் வென்ற் என்ற இளைஞரும், கீவ் நகரில் ஹொலோட்னியும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் எனத் தொடர்ந்தனர். 1934இல் அப்பொருளின் இரசாயன அமைப்புத் தெளிவாயிற்று. அதுவே இந்தோல் அசற்றிக் அமிலம். ஓட்சின் என்ற குடும்பப் பெயரால் நம் மாணவர்கள் அதனை அறிவர்.

கீழைத்தேயப் பூங்காக்களுக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. பேராதனைக்கு இணையாக ஒல்லாந்தர் யாவாவில் நடத்திய பொய்ட்டன்சோர்க் பூங்காவில், இன்று போகோர் எனப்படும் இடத்தில், ஹான்ஸ் ஃபிட்டிங் என்ற ஜெர்மானியர் ஓர்க்கிட் பூக்களை ஆராய்ந்தார். மகரந்தத்தில் உள்ள ஏதோவொரு பொருள், கருக்கட்டல் நிகழுமுன்னரே பூவின் வாழ்வை மாற்றிவிடுவதை 1909இல் அவர் எடுத்துக்காட்டினார்.

பூ உதிர்வதன் மருமம் இதிலேதான் இருக்கின்றது. தக்காளிப் பூவின் காம்பை உற்று நோக்கினால் நடுவே ஒரு கணு தெரியும். உதிர்வதற்கென்றே செடி அமைத்துவைத்த இடம் அது. மகரந்தம் விழுந்து, வித்துக்கள் உருவாகத் தொடங்கினால், அவ்விளம் வித்துக்கள் ஓட்சினைச் சுரந்து காம்பின் வழியே அனுப்புகின்றன. அது வந்துகொண்டிருக்கும்வரை கணு உறுதியாக நிற்கும். வரவு குன்றினால், எதிலீன் என்ற வாயு தன் வேலையைத் தொடங்கும்; கணுவின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பசை கரையும்; பூ உதிரும். தெருவிளக்கு வாயுவில் உள்ள எதிலீனே செடிகளின் வளர்ச்சியைக் குலைக்கிறது என்று 1901இற் கண்டவர் நெல்யூபொவ் என்ற ருஷ்ய அறிஞர். தாங்கவியலாத சுமையைச் செடி இறக்கிவைக்கும் முறையே உதிர்வு.

1936இல் அமெரிக்காவில் லாரூ என்பவர் இலையை வெட்டியெடுத்த காம்பின் முனையில் ஓட்சினைத் தடவி, காம்பு உதிர்வதைத் தாமதப்படுத்தினார். அதே ஆண்டில் குஸ்தாவ்சன் மகரந்தமே படாத தக்காளிப் பூவை இத்தகைய பொருளாற் காயாக்கினார். அக்காயில் வித்து இருக்கவில்லை. 1939இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் நப்தலீன் அசற்றிக் அமிலத்தைத் தெளித்து, அறுவடைக்கு முன் அப்பிள் உதிர்வதைத் தடுத்தனர். செடியின் சொந்த ஓட்சின் செடிக்குள் விரைவில் அழிந்துவிடும்; ஆய்வுகூடத்திற் செய்யப்பட்டவை நீண்டநேரம் நிலைத்து நின்றன. கடையில் விற்பதற்கு அவை ஏற்றவையாயின.

விஞ்ஞானம் போருக்குச் சென்ற கதை

1942இல், நியூயோர்க் மாநிலத்து ஆய்வுநிலையம் ஒன்றில் சிம்மர்மன், ஹிட்ச்கொக் என்ற இருவர், பீனொக்சி வகை அமிலங்கள் மிகச் சிறு அளவிலேயே செடியின் வளர்ச்சியை மாற்றுவதை அறிவித்தனர். 2,4-டி அவற்றுள் ஒன்று. சிறு அளவிற் காயைப் பிடிக்கவைக்கும் இப்பொருள்கள் பெரு அளவில் செடியையே முறுக்கிக் கொல்லும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பகைவனின் பயிரை அழிக்க இவை உதவுமா என்ற ஆராய்ச்சி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மறைவாக நடைபெற்றது. போர் முடிந்ததும் அவை களைகொல்லிகளாகச் சந்தைக்கு வந்தன.

ஆயினும் போர்க்களம் அவற்றை விட்டுவிடவில்லை. 1950களின் முற்பாதியில், மலாயாவின் விடுதலைப் போராளிகளை ஒடுக்கப் புறப்பட்ட பிரித்தானிய ஆட்சி, வீதியோரத்துப் புதர்களின் மீதும் காட்டுக்குள்ளிருந்த உணவுப் பயிர்களின் மீதும் இவ்வகை இரசாயனங்களைத் தெளித்தது. நம்மவர் இரப்பர் பால் வெட்டிய மண் அது. 1961இல் வியட்நாமிற் பயிரழிப்புத் தொடங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்க அரசுச் செயலாளர் டீன் ரஸ்க், ஜனாதிபதி கென்னடிக்கு எழுதிய குறிப்பில் மலாயாவையே முன்னுதாரணமாகக் காட்டினார். 1962 முதல் 1971 வரை ஏறக்குறைய 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட இலையுதிர் மருந்துகள் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் கொட்டப்பட்டன. அவற்றுள் மிகுதியானது 2,4-டியும் 2,4,5-ரியும் சமபங்கு கலந்த ‘ஏஜன்ட் ஒரேஞ்ச்’. 2,4,5-ரியில் மாசாகக் கலந்திருந்த டயொக்சின் என்ற நஞ்சின் கொடுமையைப் பிந்திய தலைமுறைகளும் சுமக்கின்றன.

ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்க அறிஞரின் வாழ்வு இங்கே நினைவுகூரத்தக்கது. இளம் மாணவராக, 1943இல், சோயா அவரையில் பூக்களை மிகுவிக்க வழிதேடி மூவயடோபென்சோயிக் அமிலத்தை ஆராய்ந்தார். அளவு மிஞ்சினால் இலைகள் உதிர்ந்துவிடுவதையும் குறித்துவைத்தார். ஏஜன்ட் ஒரேஞ்சில் இருந்தது அவருடைய பொருளன்று; எனினும் இலையுதிர்ப்பைப் பற்றிய அவருடைய ஆய்வை இராணுவ ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டனர் என அறிந்தபோது அவர் வாளாவிருக்கவில்லை. வியட்நாமில் நடைபெற்ற தெளிப்பை நிறுத்தக் கோரிய விஞ்ஞானிகளின் முன்வரிசையில் நின்றார். 1971இல் வட வியட்நாமுக்கும் சீனாவுக்கும் சென்றுவந்தார். தான் தேடிய அறிவு யார் கையிற் சேர்கிறது என்று கேட்பதும் விஞ்ஞானியின் கடமையே என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

வலையும் வண்டும்

இனி நம் பயிர்க்கூடத்திற்கு மீள்வோம். அங்கே பூ உதிர்வது ஏன்?

தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பூ அதிர்ந்தால்தான் அது கொட்டும். வெளிவயலிற் காற்றே இவ்வதிர்வைத் தருகின்றது. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், உடலில் நீலக்கோடுகள் கொண்ட தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத்தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. வெண்ணீயைத் தடுக்க நாம் கட்டிய நுண்வலை இவ்வண்டுகளையும் தடுத்துவிட்டது. பொலித்தீன் சுவர் காற்றை நிறுத்திவிட்டது. பகைவனைத் தடுத்த வேலி நண்பனையும் தடுத்தது.

இரண்டாவது காரணம் வெப்பம். இரவு குளிர்ந்தும் பகல் மிதமாகவும் இருந்தாற்றான் தக்காளி மகரந்தம் உயிர்ப்புடன் இருக்கும். பகல் 32 பாகையைக் கடந்தும் இரவு 21 பாகைக்குக் குறையாமலும் இருந்தால் மகரந்தம் மலடாகும். நுவரெலியாவின் குளிர் கண்டிக்கு இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள இந்நகரைச் சூழ்ந்த பகுதிகளில், காற்றோட்டமற்ற கூடத்தின் உட்புறம் நண்பகலில் உலையாகின்றது. மழைக்காலத்தில் நிலைமை மாறி, மூட்டத்தினால் ஒளி குன்றுகின்றது. அப்போது குடைமிளகாய் தன் பூக்களைத் தாங்கவியலாது கைவிடுகின்றது. கீழ்க்கணுக்களில் காய் மிகுந்தாலும் மேலுள்ள பூக்கள் உதிரும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துக் காய் குன்றும்.

இக்காரணங்கள் எவற்றையும் போத்தல் நீக்குவதில்லை. வித்து அனுப்ப வேண்டிய செய்தியை வெளியிலிருந்து அனுப்பி, கணுவை நிற்கவைக்கும் வேலையே அதனுடையது. அவ்வேலைக்கும் பயனுண்டு, மறுப்பதற்கில்லை. மிளகாயிற் காய்பிடிப்பை மிகுவிக்க நப்தலீன் அசற்றிக் அமிலத்தை லீற்றருக்கு 10 மில்லிகிராம் வீதம், நட்ட 60ஆம், 90ஆம் நாட்களிற் தெளிக்குமாறு தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. 4-குளோரோபீனொக்சி அசற்றிக் அமிலம் குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடங்களில் தக்காளிக்கு நெடுங்காலம் பயன்பட்டது. ஆனால் அவ்வழியில் வந்த காய் பெரும்பாலும் வித்தற்றது. சிலபோது உள்ளே வெற்றிடம் கொண்டது. அளவு பிசகினாற் கோணலானது.

அந்த அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. நூற்றுக்கு 4.5 பங்கு அமிலம் உள்ள திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் 45 மில்லிகிராம் இருக்கும். 16 லீற்றர் தெளிகருவிக்கு வேண்டியது 160 மில்லிகிராம். அதாவது மூன்றரை மில்லிலீற்றரளவு. போத்தல் மூடியால் கண்மதிப்பாக 10 மில்லிலீற்றர் ஊற்றுபவர் ஏறக்குறைய மூன்று மடங்கு இட்டுவிடுகிறார். ஓட்சின் மிஞ்சினால் செடி எதிலீனைப் பிறப்பிக்கும். தடுக்க வந்த மருந்தே உதிர்க்கும் மருந்தாகிவிடும். அப்பிள் தோட்டக்காரர் இதே அமிலத்தைப் பருவத்தின் தொடக்கத்திற் தெளித்து மிகையான பிஞ்சுகளை வேண்டுமென்றே உதிர்ப்பதும் இதனாலேயே. இன்னுமொன்று: கீழே வயலில் களைகொல்லி அடித்த கருவியைக் கழுவாது மேலே கூடத்திற்கு எடுத்துச்சென்றால், எஞ்சிய 2,4-டி அல்லது அதன் உறவான எம்.சி.பி.ஏ. தக்காளி இலைகளை நூலாகச் சுருட்டிவிடும். ஒரே குடும்பத்து இரசாயனங்கள் ஒரே தோளிற் தொங்கும் ஒரே கருவிக்குள் சந்திக்கின்றன.

ஐரோப்பாவே இப்போது வேறு வழியிற் சென்றுவிட்டது. 1987இல் பெல்ஜிய மிருகவைத்தியர் ஒருவர் பெருந்தேனீக்களை வளர்த்துத் தக்காளிக் கூடங்களுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார்; கூடங்களிற் கைக்கருவியால் பூக்குலைகளை அதிரவைக்கும் வேலை சில ஆண்டுகளிற் பெரிதும் மறைந்தது. அத்தேனீ நம் நாட்டுக்குரியதன்று. நமக்கு எளிய வழி உண்டு: காலைவெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் செடி கட்டிய கம்பியை மெல்லத் தட்டுவது, கூரையின் உச்சியில் வெப்பம் வெளியேற வழிவிடுவது, நண்பகலில் நிழல்வலை இழுப்பது, காய்ச்சுமையைக் குறைப்பது. செலவு குறைந்த இவ்வழிகளுக்கு விளம்பரம் செய்வார் இல்லை. ஏனெனில் கம்பியைத் தட்டுவதில் யாருக்கும் தரகில்லை. தட்டும் கைகளும் பெரும்பாலும் நாட்கூலிக்கு வரும் பெண்களின் கைகள். அவர்களிற் பலர் அக்கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். கூடமும் அவர்களதன்று, நிலமும் அவர்களதன்று.

தடையும் தடையின்மையும்

இலங்கைக்கு இவ்விடயத்திற் சட்டம் இல்லாமலில்லை. பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்த 1980இன் 33ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன் பதிவாளர் அலுவலகம் பேராதனைக்கு அருகே கெட்டம்பேயில் உள்ளது. ஆற்றின் மறுகரையிற் கன்னொறுவையிற் தோட்டக்கலைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1952இற் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகமும் உள்ளது. ஓர் அறிவுக் கோட்டையே மகாவலியின் வளைவில் அமைந்திருக்கின்றது. எனினும் அக்கோட்டைக்கும் மாரஸ்ஸனவின் கூடத்திற்கும் இடையிலுள்ள சில மைல் தூரத்தைக் கடைக்காரரே பெரிதும் நிரப்புகிறார்.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை ஒரே அறிவித்தலில் தடைசெய்தது. ஆயத்தம் இல்லை, மாற்று இல்லை, விவசாயியைக் கேட்கவும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, விலை ஏறிற்று, விவசாயிகள் வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. எல்லாவற்றையும் அடி என்ற வணிகனின் குரலும், எதையும் அடிக்காதே என்ற ஆட்சியாளரின் ஆணையும் எதிரெதிரானவைபோலத் தோன்றும். இரண்டும் ஒன்றுபடும் இடம் உண்டு: உழுபவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று இருவரும் எண்ணவில்லை.

மார்ஷல் வார்ட் 140 ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகளிற் கூறிய உண்மை பழையதாகிவிடவில்லை. நோயின் காரணத்தை அறியாமல் மருந்தைத் தேடுவது வீண். அன்று அவ்வுண்மையைக் கேட்டவர்கள் தோட்ட முதலாளிகள். அவர்கள் வேறு பயிருக்குத் தாவ முடிந்தது. இன்று கடனில் கூடம் கட்டிய சிறு விவசாயிக்குத் தாவ இடமில்லை. எனவே அறிவு அவனை நாடிச் செல்ல வேண்டும். அவனுடைய மொழியில், அவனுடைய அளவையில் செல்ல வேண்டும்.

இங்கே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பணியுண்டு. ஓட்சினின் வரைவிலக்கணத்தைப் பரீட்சைக்காக எழுதி மறக்கும் மாணவன், மேற்கண்ட மூன்றரை மில்லிலீற்றர்க் கணக்கைத் தன் தந்தைக்குச் செய்துகாட்டினால், அன்று அப்பாடம் உயிர்பெறும். ஐந்து மில்லிலீற்றர் ஊசிக்குழலொன்று போதும். கோடு பார்த்து அளந்துவிடலாம். பாடசாலைத் தோட்டத்தில் இரண்டு வரிசை தக்காளி நட்டு, ஒன்றின் கம்பியை நாள்தோறும் தட்டி, மற்றதை விட்டுவைத்து, காய்களை எண்ணிப் பார்த்தால், விளம்பரத்தைச் சோதிக்கும் பழக்கம் பிறக்கும். உதிர்ந்து கிடக்கும் பூவைக் கையில் எடுத்து, ‘இது ஏன் உதிர்ந்தது?’ என்று கேட்கும் பிள்ளை, போத்தலை வாங்குமுன்னும் அதே கேள்வியைக் கேட்கும்.